தபாலில் வந்த ஆசியா

தபாலில் பட்டம் படிப்பது என்பது வாத்தியார் இல்லாத வகுப்புக்குத் தவறாமல் போய் உட்காருவது. அதையே போர்ட் பிளேயரில் இருந்துகொண்டு படித்தால், வகுப்பு எப்போது வரும் என்று துறைமுகத்தில்தான் விசாரிக்க வேண்டும். ஒரு கையில் கரண்டியும் மறு கையில் பாடப் புத்தகமுமாக அடுப்பு முன்னால் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், குடியேறியவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஓர் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். என் வீட்டுக்காரருக்குச் சாத்தம் மர ஆலையில் வேலை. சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். கல்யாணமாகி ஏழு வருஷம், இரண்டு பிள்ளைகள். அப்போதுதான் பி.ஏ. படித்தே தீருவது என்று எனக்குத் தோன்றியது. பாடத்தின் பெயர் ‘ஆசியப் பண்பாடுகளும் சமூகங்களும்’.

இடம் இருந்த பாடம்

உண்மையில் நான் கேட்டது வரலாறு. விண்ணப்பத் தாள் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து, நான் அதை நிரப்பி, அது அடுத்த கப்பலில் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் வரலாற்றில் இடம் தீர்ந்துவிட்டது. ஆசியச் சமூகங்களில் மட்டும் இடம் இருக்கிறது, சம்மதமா என்று தந்தி வந்தது. சம்மதம் என்று பதில் தந்தி அடித்த பிறகுதான் அது என்ன பாடம் என்று யோசிக்கவே ஆரம்பித்தேன்.

வேலையில் இருப்பவர்கள் படிப்பதற்கு ஆபீஸ் அனுமதி வேண்டும். ஹெட்கிளார்க் வேதமூர்த்தி சார் என் மனுவை இரண்டு தடவை படித்தார். தஞ்சாவூர்க்காரர், எதையும் ஒரே தடவையில் நம்பமாட்டார். இந்தப் படிப்பில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேட்டார். பர்மா, சிலோன், வங்காளம், சீனா என்று அங்கங்கே உள்ள ஜனங்கள் எப்படிக் கல்யாணம் செய்கிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்பதெல்லாம் வரும் என்றேன். அவர் எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வாசலில் அன்றைக்கும் வரிசை. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள், பர்மாவிலிருந்து வந்தவர்கள், சிலோன் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், ராஞ்சியிலிருந்து மரம் வெட்ட வந்தவர்கள், எல்லோரும் கையில் மனுவோடு நின்றார்கள். சார் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: “வாசல்ல நிக்கிறதைத்தானேம்மா நீங்க தபால்ல வரவழைக்கப் போறீங்க?”

நனைந்த கட்டு

பாடங்கள் வரிசையாக வரும் என்று நம்பியது என் தவறு. முதலில் ஜப்பான் வந்தது. அதற்கப்புறம் ஜாவா. ‘ஆசியா என்பது எது?’ என்ற முதல் பாடம் எட்டாவது மாதம் வந்தது. அதுவரை நான் எதைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரியாமலேயே நான்கு விடைத்தாள் அனுப்பியிருந்தேன்.

ஒரு தடவை இறக்கும்போதே மழையில் நனைந்துவிட்டது கட்டு. சீனாவும் சிலோனும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. தாள் தாளாகப் பிரித்துத் துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டேன். மத்தியானம் காற்று அடித்தது. ஆலைச் சங்கு ஊதி வீட்டுக்காரர் வீடு திரும்பும்போது, குவார்ட்டர்ஸ் முழுக்கப் பாடம் பறந்துகொண்டிருந்தது. அவர் வேலியோரம், கோழிக்கூடு, பக்கத்து வீட்டுக் கூரை என்று ஒரு தாள் விடாமல் பொறுக்கி, பக்க எண் அழிந்த தாள்களையும் தன் யோசனைப்படி வரிசையாக அடுக்கி நூல் போட்டுத் தைத்துக் கொடுத்தார். நானும் அப்படியே படித்து எழுதி அனுப்பிவிட்டேன். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக வேலை பார்க்க, சீன அரசாங்கப் பரீட்சையில் செய்யுள் எழுதித் தேற வேண்டும் என்று என் விடையில் இருந்ததாம். பத்துக்கு ஐந்து மார்க் வந்தது. இரண்டு நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார். மூன்றாம் நாள் காபி குடிக்கும்போது சொன்னார்: “பாதி மார்க் குடுத்திருக்காருன்னா, பாதி உண்மைன்னுதானே அர்த்தம்?”

பக்கத்து நாற்காலி

என் பக்கத்து நாற்காலி சுமித்ராவுடையது. ஆபீஸில் ஃபைல் அடுக்கும் வேலை அவளுக்கு. அவள் குடும்பம் நாலு தலைமுறையாக இந்தத் தீவில் இருக்கிறது. அவளுடைய பர்தாதா, அதாவது கொள்ளுத்தாத்தா, கைதியாகக் கப்பலில் வந்தவர். தண்டனைக் காலத்திலேயே, வேறெங்கிருந்தோ கைதியாக வந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் ஹிந்தி பேசுவார்கள். சுமித்ராவின் தமிழ் அபர்தீன் பஜாரில் கற்றுக்கொண்டது.

இந்தியச் சமூகம் பற்றிய பாடத்தில், கல்யாணத்தைத் தீர்மானிப்பது சாதி என்று போட்டிருந்தது. தெரிந்த ஒருவரை விசாரித்து அதை விளக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். சுமித்ராவை விசாரித்தேன். அவளுக்குத் தன் சாதி தெரியவில்லை. அக்கா புருஷன் வீட்டார் சாதியும் தெரியவில்லை. கேட்டதும் இல்லையாம். அப்படியே எழுதி அனுப்பினேன். பாடம் திருத்துகிற ஆசிரியரை நான் கடைசிவரை பார்த்ததில்லை. எனக்கு அவர் ஒரு சிவப்பு மசிப் பேனா மட்டும்தான். அந்தப் பேனா ஓரத்தில் ‘ஆதாரம் என்ன?’ என்று எழுதியிருந்தது.

சுமித்ராவிடம் காட்டினேன். அவள் பொய் சொன்னதாகத் திருத்துகிறவர் நினைக்கிறாரோ என்று அவளுக்கு வருத்தம். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் விசாரித்து, மறுநாள் வேலை தொடங்குமுன் என் மேஜை பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்: “அப்பாகிட்ட நல்லாக் கேட்டுட்டேன், தீதி. பர்தாதா எந்த கேஸ்ல ஜெயிலுக்கு வந்தார்னு தெரியுமாம். எந்த ஜாத்னு யாரும் ஞாபகம் வெச்சுக்கலையாம். இதை எழுதுங்க.”

முப்பது கேள்விகள்

இரண்டாம் வருஷம் ஒரு அச்சடித்த படிவம் வந்தது. வேறு மொழி பேசும் ஒரு குடும்பத்தைப் போய்ப் பார்த்து முப்பது கேள்விகளுக்குப் பதில் எழுதி வர வேண்டும். சுமித்ராவுக்குத் தெரிந்த ஒரு வங்காளிக் குடும்பம் ஹேவ்லாக் தீவில் இருந்தது. ஹரிபதா, அவர் மனைவி மாலதி. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து, கொடுத்த காட்டைத் திருத்தி வயலாக்கியவர்கள். பிள்ளைகளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை படகேறினேன்.

போனவுடன் எந்த ஆபீஸில் வேலை என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. ஹரிபதா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். ஒதுக்கிய நிலம் முழுக்கப் பயிர் வைத்தாயிற்று, கொடுத்த மாடு இரண்டும் உயிரோடு இருக்கின்றன, அக்கம்பக்கத்தோடு சண்டை இல்லை என்று நான் கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னார். என்னை நிலம் பார்க்க வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார். மாலதிதான் என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்து, இது பரீட்சைக் காகிதம் என்று கண்டுபிடித்துச் சிரித்து, புருஷனை உட்கார வைத்தாள்.

அதற்கப்புறம் பதிலெல்லாம் அவள் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, அதே கேள்வியை என்னிடம் கேட்டாள். உன் வீட்டில் யார் முதலில் சாப்பிடுவது? யார் பேச்சு எடுபடும்? நீ இங்கே வந்துவிட்டாயே, அங்கே யார் சமைக்கிறது? வீட்டுக்காரர்தான் என்றேன். அதை ஹரிபதாவுக்கு இரண்டு தடவை சத்தமாக மொழிபெயர்த்துச் சொன்னாள். சாயங்காலம் வரை இப்படியே போயிற்று. படிவத்தில் பாதிதான் நிரம்பியிருந்தது. என் குடும்பத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றும் பாக்கி இல்லை. மீதியை மீன் கழுவிக்கொண்டே சொல்லி எழுத வைத்தாள். மறுநாள் படகுத்துறை வரை வந்து வழியனுப்பியபோது, தன் ஹிந்தியில் நிதானமாகக் கேட்டாள்: “என் வீட்டைப் பத்தி நீ எழுதி அனுப்பிடுவே. உன் வீட்டைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டேனே, அதை நான் யாருக்கு எழுதி அனுப்புறது?”

அஞ்சலை அக்கா கேட்ட பாடம்

வாரத்தில் இரண்டு நாள் சிப்பிகாட் கிராமத்திலிருந்து அஞ்சலை அக்கா எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் காய்கறி கொண்டுவருவார். நாற்பதைத் தாண்டியவர். பர்மாவில் மௌல்மீன் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். கைலியைப் பர்மியப் பெண்கள் மாதிரி ஒரு பக்கமாக மடித்துச் சொருகியிருப்பார், கூடையை இறக்கியதும் சுருட்டுப் பற்ற வைப்பார். அங்கே அவரை ‘மா தான்’ என்று ஒரு பர்மியப் பெயரால் கூப்பிடுவார்களாம். பர்மிய எழுத்து நன்றாகப் படிப்பார், தமிழ் பேச மட்டும் வரும். பர்மா அரசாங்கம் அங்கிருந்து கிளம்பச் சொன்னபோது அண்ணன் குடும்பத்தோடு சென்னைக்குக் கப்பலேறி, முகாமில் இருந்து, பிறகு இந்தத் தீவில் நிலம் கிடைத்து வந்தவர்.

பர்மா பாடம் வந்த சமயம், அவர் கேட்டார் என்று திண்பண்டம் மாதிரி ஒவ்வொரு பத்தியாக வாசித்துக் காட்டினேன். புத்த விகாரை, அறுவடை, பெண்கள் கடை வைத்து வியாபாரம் செய்வது எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மொய்ங்கா என்கிற மீன்சாற்றுச் சேமியாவைப் பற்றி எழுதியவர் அதைச் சாப்பிட்டதில்லை என்றார். கடைசிப் பத்தியில் ஒரு வரி: ‘பின்னர் அங்கிருந்த அந்நியர் பலர் தாயகம் திரும்பினர்.’ அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். சுருட்டை அணைத்துவிட்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “நான் தாயகத்துலேருந்து கெளம்பித்தான் தங்கச்சி இங்க வந்தேன். எழுதினவுக தெசையை மாத்திப் போட்டுட்டாக.”

ஆதாரம்

கடைசி வருஷத்தில் ஒரு களக் கட்டுரை கட்டாயம். அது தேறினால்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். நான் அஞ்சலை அக்காவைப் பற்றி எழுதினேன். அவர் சம்மதத்தோடுதான். பாடத்தின் அந்த வரி ஏன் தவறு என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கட்டுரை திரும்பி வந்தது. அதே சிவப்பு மசி. ‘அச்சிட்ட பாடத்தை மறுக்கிறீர்கள். ஆதாரம் என்ன? இணைத்து அனுப்பவும், அல்லது அந்தப் பகுதியை நீக்கவும்.’ கடைசித் தேதிக்குள் போய்ச் சேரக்கூடிய கப்பல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கிளம்ப நான்கு நாள்.

இரண்டு பக்கத்தைக் கிழித்துப்போட எனக்கு அரை நிமிஷம் போதும். ஒரு வருஷத்தை வீணாக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அஞ்சலை அக்காவிடம் சொல்லாமல் செய்ய மனசு வரவில்லை, அதனால் சொன்னேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் காய்கறி நாள் இல்லை. ஆனாலும் வந்தார். ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பர்மிய அரசாங்கம் கொடுத்த அந்நியர் பதிவுச் சீட்டு. புதியது கொடுத்தபோது பழையதை யாரும் திருப்பிக் கேட்கவில்லையாம். இளம் வயது அஞ்சலையின் படம். பர்மிய எழுத்தின் கீழே ஆங்கிலத்தில், பிறந்த இடம் மௌல்மீன் என்று இருந்தது. நாடு என்ற இடத்தில் இந்தியா. அந்தச் சீட்டு வாங்கிய நாளில் அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

டைப் அடித்து நகல் எடுத்து, அதிகாரி சான்று வைத்து அனுப்ப வேண்டும். சான்று வாங்க எனக்கு இருக்கிற ஒரே இடம் என் ஆபீஸ். அவருக்கு நிலம் ஒதுக்கியதும் அதே ஆபீஸ்தான். அந்நியர் என்று எழுதிய காகிதத்தை அங்கே காட்டினால் நிலத்துக்கு ஏதாவது வில்லங்கம் வருமோ என்று அவருக்குப் பயம். எனக்கும்தான். பேரை மறைத்துவிட்டு அடிக்கட்டுமா என்று கேட்டேன். அப்படிச் செய்தால் அது நகலே இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தும் கேட்டேன். “பேரைப் போடு தங்கச்சி,” என்றார். “அங்க என்னைய அந்நியம்னு எழுதிக் குடுத்தாக. நான் அங்கதான் பொறந்தேன்னும் அதே காயிதத்துல எழுதியிருக்கு. ரெண்டையும் யாராச்சும் படிக்கட்டும்.”

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிழை இல்லாமல் அடிக்க வேண்டும் என்று அடித்தேன். அவசரத்தில் இரண்டு பிழை வந்துவிட்டது. வேதமூர்த்தி சாரிடம் அசலையும் நகலையும் வைத்தேன். யார் இது, எந்த ஊரில் நிலம் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் வழக்கம்போல இரண்டு தடவை படித்தார். எழுந்து அதிகாரி அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது நகலில் வட்ட முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. அசலை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “இதை நான் ஆபீஸ் காகிதமாப் படிக்கலைம்மா. உங்க பாடமாத்தான் படிச்சேன். அந்த அம்மாகிட்ட பத்திரமாக் குடுத்துடுங்க.”

ஆடுகிற தரை

கட்டுரை தேறியது. சிவப்பு மசி ‘ஆதாரம் ஏற்கப்பட்டது’ என்று மட்டும் எழுதி, தட்டச்சுப் பிழை இரண்டையும் வட்டம் போட்டிருந்தது.

பரீட்சை சென்னையில். மூன்றரை நாள் கப்பல், அதில் மூன்று நாள் நான் தலையைத் தூக்கவில்லை. இறங்கிய மறுநாளே முதல் தாள். ஹாலில் உட்கார்ந்தால் மேஜை போகிறது, வருகிறது. கேள்வித்தாளைப் பிரித்தேன். ஐந்தாவது கேள்வி: ‘தீவுகளில் வாழும் சமூகங்கள் வெளியுலகத் தொடர்பின்றி ஒரே தன்மையாக இருப்பதற்கான காரணங்களை விளக்குக.’ எனக்கு ஹேவ்லாக் மாலதியும் பக்கத்து நாற்காலி சுமித்ராவும் ஒன்றாக நினைவுக்கு வந்தார்கள். சிரிப்பு வந்தது. மார்க்குக்காக ஒரு பக்கம் பாடத்தில் உள்ளபடி எழுதினேன். என் மனசுக்காக ஒரு பக்கம் எங்கள் குவார்ட்டர்ஸ் தெருவை எழுதினேன்.

நான் ஒரு பக்கமாகச் சாய்வதையும் சிரிப்பதையும் பார்த்த மேற்பார்வை அம்மாள் கிட்டே வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அந்தமானிலிருந்து கப்பலில் வந்தேன், தரை இன்னும் ஆடுகிறது என்றேன். அவர் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். என் மேஜையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிறேன். நீ எழுதும்மா.”

ஒரு துண்டுச் சீட்டு

மூன்றாம் வகுப்பில் தேறினேன். அந்தப் பட்டத்தால் ஆபீஸில் எனக்கு ஒரு படிகூட உயரவில்லை. பதவி உயர்வுக்கான பட்டியலில் அப்படி ஒரு பாடமே இல்லை. ஆனால் வேதமூர்த்தி சார், ரிட்டயராக மூன்று வருஷம் இருக்கும்போது, அதே படிப்பில் சேர்ந்தார். வரலாற்றில் இடம் இருந்தும் இதைக் கேட்டு வாங்கினார்.

அவருக்குப் பர்மா பாடம் வந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அச்சு பழையதுதான், அந்த வரியும் அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு, சைக்ளோஸ்டைல் செய்தது: ‘தாயகம் திரும்பினர் என்பதைப் பிறந்த நாட்டை விட்டு வெளியேறினர் என்று திருத்திப் படிக்கவும்.’ யார் சொன்னார்கள், ஏன் என்று ஒன்றும் இல்லை.

சீட்டைக் கடன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அன்று காய்கறி நாள். அஞ்சலை அக்கா கூடையை இறக்கிச் சுருட்டுப் பற்ற வைத்ததுமே படித்துக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை விரலால் தடவினார். கண் கலங்கியதா, சுருட்டுப் புகையா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் வெண்டைக்காய் பொறுக்கினேன். சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “இதைப் பொஸ்தகத்துல பசை போட்டு ஒட்டியிருந்தாகளா, சும்மா சொருகியிருந்தாகளா?”

பட்டம் வாங்கி எத்தனையோ வருஷமாயிற்று. ஆசியாவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், எந்த வீட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றுதான் இன்னமும் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.